பாம்புக்கடி கேஸ் வந்தால்: லேபில் புதிதாகச் சேர்ந்தவருக்கு

டி.எம்.எல்.டி.யோ பி.எஸ்சி. எம்.எல்.டி.யோ முடித்து, அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்திருக்கிறீர்கள். போஸ்டிங் ஒரு தாலுகா மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை, யூரியா, ஹீமோகுளோபின் எல்லாம் சில வாரங்களில் கை பழகிவிடும். அப்படிப் பழகாத ஒன்று, மழைக்காலத்திலோ அறுவடை நேரத்திலோ இரவு டியூட்டியில் வந்து நிற்கும். கேஷுவாலிட்டியிலிருந்து போன்: "பாம்புக்கடி கேஸ், ஹோல் பிளட் சி.டி. பாருங்க." அந்த நேரத்தில் உங்கள் லேபின் அனலைசர் பெரிதாக உதவாது. ஒரு கண்ணாடி டியூப், ஒரு கடிகாரம், பக்கத்தில் பொறுமையாக இருக்கும் ஓர் ஆள். சோதனை அவ்வளவுதான்.

இத்தனை எளிய சோதனை என்பதால்தான் இதில் இத்தனை கோளாறு நடக்கிறது என்பேன். இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்து வந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. வார்டில் வழக்கம்போலச் செய்த இந்தச் சோதனை, உறைதல் உண்மையிலேயே கெட்டிருந்தவர்களில் பாதிப் பேரைக்கூடப் பிடிக்கவில்லை. தவறவிட்டவர்களுக்கு விஷமுறிவு மருந்து தாமதமானது. பின்னர் அதே நாட்டில் டியூப், ரத்த அளவு, நேரம் எல்லாவற்றையும் வரையறுத்துச் செய்தபோது பலன் வெகுவாகக் கூடியது. ஆகவே இந்தக் கட்டுரையில் டியூப்பைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷம் செய்வது என்ன?

ரத்தம் உறைவது சங்கிலியாக நடக்கும் வேலை. ஒரு காரணி அடுத்ததைத் தூண்டும்; பத்தாம் காரணி செயலுக்கு வந்ததும் புரோத்ராம்பின் த்ராம்பினாக மாறும்; த்ராம்பின், ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை நூல்நூலான ஃபைப்ரினாக்கும். அந்த நூல் வலையில் ரத்த அணுக்கள் சிக்கிக் கட்டியாகும். காயம் பட்ட இடத்தில் மட்டும், வேண்டிய அளவு மட்டும் உடம்பு இதை நடத்திக்கொள்கிறது.

கண்ணாடி விரியனின் விஷத்தில் பத்தாம் காரணியை நேராகத் தூண்டும் நொதி ஒன்றும், ஐந்தாம் காரணியைத் தூண்டும் நொதி இன்னொன்றும் இருக்கின்றன. சுருட்டை விரியன் இதைவிடக் குறுக்கே போகிறது. அதன் விஷத்திலுள்ள எக்காரின் என்ற நொதி புரோத்ராம்பினையே தாக்குகிறது. வழி எதுவானாலும் முடிவு ஒன்றுதான். ரத்த ஓட்டம் முழுக்க த்ராம்பின் பெருகி, இருக்கிற ஃபைப்ரினோஜனையெல்லாம் தேவையில்லாத இடத்தில் செலவழித்துவிடுகிறது. பந்திக்கென்று வடித்த சோற்றை இலை போடும் முன்பே தெருவில் வாரி இறைத்தால் என்ன ஆகும்? ஆள் உட்காரும்போது அண்டா காலி. விரியன் கடித்தவருடைய பல் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருப்பது இதனால்தான். அதோடு, ரத்தக் குழாயின் சுவரையே அரிக்கும் நொதிகளும் விரியன் விஷத்தில் உண்டு. சுவர் ஓட்டையாகி, அடைக்க உறைவும் இல்லாத நிலையில்தான் மூளையிலும் வயிற்றிலும் ரத்தக்கசிவு ஏற்படுகிறது.

"விஷம் ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும்" என்று பொதுவாகச் சொல்கிறோம். விரியன்களைப் பொறுத்தவரை அது அளவு மீறி உறையவைக்கும் விஷம்; அதன் பின்விளைவுதான் நீங்கள் டியூப்பில் பார்க்கும் தண்ணீர் ரத்தம். டாக்டர்கள் இதைக் கன்சம்ப்ஷன் கோஅகுலோபதி என்பார்கள். இந்த ஒன்று மனதில் பதிந்தால் வார்டில் நடக்கும் பல விஷயங்களுக்குக் காரணம் கேட்க வேண்டியிருக்காது. விஷமுறிவு மருந்து ஏற்றாமல் பிளாஸ்மா மட்டும் ஏற்றினால் ஏன் போதாது? உள்ளே விஷம் இருக்கும்வரை, ஏற்றுகிற காரணிகளும் அதே போக்கில் செலவாகிவிடும். மருந்து ஏற்றிய அரை மணியிலேயே ரத்தம் ஏன் உறைவதில்லை? மருந்து விஷத்தைத்தான் கட்டிப்போடும். செலவான ஃபைப்ரினோஜனைக் கல்லீரல் மறுபடி தயாரிக்க மணிக்கணக்கில் ஆகும். ஆறு மணி நேரம் கழித்து மறுசோதனை கேட்பது இதற்காகத்தான்.

எல்லா விரியன்களும் ஒரே வழியில் போவதில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மலாய்க் குழிவிரியனின் விஷம் மேலே உள்ள காரணிகளையெல்லாம் விட்டுவிட்டு, த்ராம்பினைப் போல நடித்து ஃபைப்ரினோஜனை மட்டும் அரைகுறையாக வெட்டிவிடும். ரத்தம் உறையாது, ஆனால் ஆள் பெரும்பாலும் ரத்தக்கசிவில்லாமல் நடமாடுவார். மலேயாவில் பணியாற்றிய அலிஸ்டர் ரீட் இதைக் கவனித்து எழுதியதிலிருந்துதான் ஆன்க்ராட் என்ற மருந்து பிறந்தது.

டியூப், ரத்தம், கடிகாரம்

20 நிமிட ஹோல் பிளட் கிளாட்டிங் டெஸ்ட் என்ற பெயரில் நாம் செய்வதை, நைஜீரியாவில் சுருட்டை விரியன் இனத்துப் பாம்பு கடித்தவர்களிடம் டேவிட் வாரெல் குழுவினர் பயன்படுத்தி 1977-இல் எழுதினார்கள். செய்முறையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். காய்ந்த, புதிய, சேர்மம் எதுவும் இல்லாத கண்ணாடி டியூப்பில் 2 மி.லி. சிரை ரத்தம் விடுங்கள். அறை வெப்பத்தில் 20 நிமிடம் அசைக்காமல் நிற்க வையுங்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள்.

ஆரோக்கியமான ஆளின் ரத்தம் சாய்த்தாலும் நகராது. டியூப்பின் அடியில் ஒட்டியபடி அப்படியே நிற்கும். விரியன் விஷம் ஏறியவருடைய டியூப்பைச் சாய்த்தால் ரத்தம் சுவரோரமாக வழிந்து வாய்வரை வந்துவிடும். நிறம் அதேதான், கனம் மட்டும் இல்லை. முதல் முறை பார்க்கும்போது சிட்ரேட் டியூப்பைத் தவறுதலாக எடுத்துவிட்டோமோ என்ற சந்தேகம் வரும். ஊசி போட்ட இடத்திலிருந்து பஞ்சை எடுத்தால் அங்கேயும் ரத்தம் வழியும். அதையும் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஏன் கண்ணாடியேதான் வேண்டும்? ரத்தம் கண்ணாடிச் சுவரைத் தொட்டால் பன்னிரண்டாம் காரணி தூண்டப்படுகிறது. அதுதான் இந்தச் சோதனையில் சங்கிலியை ஆரம்பித்து வைக்கிறது. வெறும் பிளாஸ்டிக் டியூப்பில் அந்தத் தூண்டல் சரியாகக் கிடைக்காது. நல்ல ரத்தம்கூட 20 நிமிடத்தில் உறையாமல் இருந்துவிடலாம்; கடிக்காத பாம்புக்கு மருந்து ஏறும். அதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. சிவப்பு மூடி, மஞ்சள் மூடி போட்ட பிளாஸ்டிக் வேக்குடெய்னர்களின் உட்புறத்தில் உறைதலை விரைவுபடுத்தும் துகள் பூசியிருப்பார்கள். அவசரத்துக்கு அதில் ரத்தம் விட்டு "உறைந்துவிட்டது" என்று எழுதினால், நீங்கள் சோதித்தது நோயாளியின் ரத்தத்தை அல்ல, கம்பெனியின் துகளை.

கழுவிய டியூப் வேண்டவே வேண்டாம். சோப்பின் மிச்சம் சுவரில் படிந்திருந்தால் கண்ணாடியின் தூண்டும் தன்மை போய்விடும். "நல்லா அலசிட்டேன் சார்" என்று அட்டெண்டர் சத்தியம் செய்தாலும் புது டியூப்பையே எடுங்கள். ஸ்டோரில் கண்ணாடி டியூப் இண்டெண்ட் போடும்போது பாம்புக்கடிக்கென்று தனியாக ஒரு பெட்டி கேட்டு வாங்கி, கேஷுவாலிட்டியிலேயே வைத்துவிடுவது நல்லது. லேப் மூடியிருக்கிற நேரத்தில் ஸ்டாஃப் நர்ஸ் செய்தாலும் அதே டியூப்பில் செய்வார். மூன்று ஷிப்டும் ஒரே டியூப் என்றால்தான் காலை ரிசல்ட்டையும் இரவு ரிசல்ட்டையும் ஒப்பிட முடியும்.

ரத்தம் எடுக்கும்போது கடிபட்ட கையையோ காலையோ தொடாதீர்கள். டிரிப் ஓடுகிற கையிலும் எடுக்காதீர்கள். சலைன் கலந்த ரத்தம் எதைக் காட்டும் என்று யாருக்கும் தெரியாது. சிரிஞ்சை வேகமாக இழுத்து நுரை கிளப்ப வேண்டாம். ஊசியைக் கழற்றிவிட்டு, டியூப்பின் சுவரோரமாக மெல்ல விடுங்கள். உறைதல் கெட்டவரிடம் ஊசி குத்தும் ஒவ்வோர் இடமும் கசியும். முடிந்தவரை ஒரே குத்தலில் எல்லாச் சோதனைக்கும் எடுத்துக்கொண்டு, நேரம் பார்த்து அழுத்திப் பிடியுங்கள்.

இனிக் கடிகாரம். 20 நிமிடம் என்றால் 20 நிமிடம். ஐந்தாம் நிமிடத்தில் ஒரு தடவை, பத்தாம் நிமிடத்தில் ஒரு தடவை என்று எடுத்து ஆட்டிப் பார்ப்பது நம் கையின் பழக்கதோஷம். அது உருவாகிற உறைவைக் கலைத்துவிடும். வேறு வேலைக்குப் போய் நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்ப்பதும் அதே அளவு தப்பு. மெதுவாக உறைகிற ரத்தம் அதற்குள் உறைந்திருக்கும். நீங்கள் "நார்மல்" என்று எழுதிவிடுவீர்கள். போனில் அலாரம் வையுங்கள். ஏ.சி.க்கு நேர் கீழே டியூப் ஸ்டாண்டை வைக்காதீர்கள். குளிரில் நொதிகள் மந்தமாகும்.

சாய்த்தால் பாதி நிற்கிறது, பாதி வழிகிறது. அல்லது கட்டியாக இருந்தது சாய்த்ததும் உடைந்துவிட்டது. இப்படி வந்தால் உங்கள் மனசுக்குத் தோன்றியதை எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்: "தளர்ந்த உறைவு, சாய்த்ததும் உடைந்தது." டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு, புது ரத்தத்தில் மறுபடி செய்யுங்கள். பக்கத்திலேயே ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும், அவர் சம்மதத்தோடு, அதே பெட்டியிலிருந்து எடுத்த டியூப்பில் வையுங்கள். அவர் ரத்தம் உறைந்து நோயாளியின் ரத்தம் உறையவில்லை என்றால் விஷயம் தெளிவு. இரண்டும் உறையவில்லை என்றால் அந்தப் பெட்டி டியூப்பை ஒதுக்கி வையுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிடக்கூடாது. சில இடங்களில் இன்னமும் பாம்புக்கடிக்கு "பி.டி., சி.டி." என்று சீட்டு வருகிறது. விரல் நுனியில் குத்தி, நுண்குழாயில் ரத்தம் ஏற்றி, முப்பது விநாடிக்கு ஒரு தரம் உடைத்துப் பார்க்கும் அந்த முறையைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். பாம்புக்கடிக்கு அது நம்பகமானதல்ல என்று இந்திய நெறிமுறையே சொல்கிறது. பிளீடிங் டைம் பார்க்கிறேன் என்று காதிலோ விரலிலோ கீறி வைப்பது, ஏற்கெனவே கசிகிறவருக்கு இன்னொரு கசிவைக் கொடுப்பதுதான். சீட்டில் அப்படி எழுதியிருந்தால் டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "சார், 20 நிமிட டெஸ்ட் போடட்டுமா?" மறுக்கும் டாக்டர் அபூர்வம்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

"பாசிட்டிவ்" என்று எழுதாதீர்கள். இந்தச் சோதனையில் பாசிட்டிவ் என்றால் உறையவில்லை என்று பொருள். புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜனுக்கு அது "உறைந்தது" என்று தோன்ற எல்லா வாய்ப்பும் உண்டு. "20 நிமிடத்தில் உறையவில்லை" அல்லது "20 நிமிடத்தில் உறைந்தது" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். ரத்தம் எடுத்த நேரம், பார்த்த நேரம் இரண்டும் வேண்டும். விஷமுறிவு மருந்து தொடங்கிவிட்டார்களா, எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். மருந்துக்கு முன் எடுத்த சாம்பிளா, பின் எடுத்த சாம்பிளா என்று தெரியாத ரிசல்ட் யாருக்கும் பயன்படாது.

உறையவில்லை என்றால் ரிப்போர்ட்டை டிரேயில் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. போன் செய்யுங்கள், யாரிடம் சொன்னீர்கள், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று ரிஜிஸ்தரில் எழுதுங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவித்துவிட்டது. அரசு, தனியார் எதுவானாலும் மருத்துவமனை தகவல் கொடுத்தாக வேண்டும். உங்கள் ரிஜிஸ்தரைப் பிறகு யாராவது புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு முன்பைவிட அதிகம்.

முதல் டெஸ்ட் உறைந்துவிட்டது என்பதோடு வேலை முடியவில்லை. விஷம் ஏற நேரம் பிடிக்கலாம். கடிவாய்க்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டியபடி வந்தவர் என்றால் இன்னும் கவனம்; கட்டை அவிழ்த்தபிறகு நிலைமை மாறும். தேசிய நெறிமுறை சொல்லும் இடைவெளிகளில் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரவு தனியாளாக லேபில் இருந்துகொண்டு இதைச் சமாளிப்பது கஷ்டம்தான். கேஷுவாலிட்டி நர்ஸோடு முன்பே பேசி, யார் எந்த வேளைக்கு எடுப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும்போது அடுத்த சாம்பிள் எத்தனை மணிக்கு என்பதை வாயால் சொல்வதோடு, எழுதியும் வைத்துவிட்டுப் போங்கள்.

அதேபோல், உறைந்தது என்பதாலேயே விஷம் இல்லை என்று ஆகாது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குகிறவை. அவற்றின் கடியில் இந்தச் சோதனை சாதாரணமாகவே இருக்கும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். பல்லடையாளம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார், இமை தொங்க ஆரம்பிக்கும். கூட வந்தவர் "விரியன் கடிச்சிருச்சு" என்றால் எந்த விரியன் என்று ஒரு வார்த்தை கேட்டு, கண்ணாடியா கட்டா என்று சீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பையில் அடித்த பாம்பைப் போட்டுக் கொண்டுவந்திருந்தால் கையால் தொடாதீர்கள். செத்த பாம்பின் பல்லும் குத்தினால் விஷம் ஏறும். போனில் படம் எடுத்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வேலை என்றால் இன்னொரு சங்கதி. அங்கே மூக்கு மேடிட்ட சின்னக் குழிவிரியன் ஒன்று உண்டு, அதன் கடியிலும் ரத்தம் உறையாமல் போகலாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பெரும் பாம்புகளுக்கு எதிராகத் தயாராவது. இதற்கு வேலை செய்யாது. மருந்து ஏற்றியும் டியூப் உறையவே இல்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும்போது டாக்டருக்கு அந்தப் பாம்பின் ஞாபகம் வர வேண்டும்.

கோஅகுலோமீட்டர் உள்ள லேபில்

மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மெடிக்கல் காலேஜுக்கோ மாறினால் பி.டி. (இங்கே புரோத்ராம்பின் டைம்), ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி., ஃபைப்ரினோஜன், டி-டைமர் எல்லாம் உங்கள் மேசைக்கு வரும். நீல மூடி சிட்ரேட் டியூப், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட், கோடு வரை நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாம்புக்கடியில் தனியாகக் கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

கண்ணாடி விரியன் கடித்த சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறிவிடும். மீதி ரத்தம் கெட்டிப்பட்டு ஹீமட்டோகிரிட் ஏறும். அது 55 சதவீதத்தைத் தாண்டினால் டியூப்பில் பிளாஸ்மா குறைவு, அதற்குச் சிட்ரேட் அதிகம் என்றாகிவிடும். நேரம் பொய்யாக நீளும். சிட்ரேட் அளவைக் குறைத்து மறுபடி எடுக்க வேண்டும். பி.டி. பார்க்கும்போது பக்கத்திலிருக்கும் ஹீமோகிராம் ரிப்போர்ட்டையும் எட்டிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, சாம்பிளைத் தேக்கி வைக்காதீர்கள். சிட்ரேட் உறைதலை நிறுத்துவது கால்சியத்தைப் பிடித்துவைப்பதால். கண்ணாடி விரியனின் பத்தாம் காரணி தூண்டிக்குக் கால்சியம் வேண்டும், ஆகவே அது டியூப்புக்குள் அடங்கிவிடும். எக்காரினுக்குக் கால்சியம் தேவையில்லை. சுருட்டை விரியன் கடித்தவரின் சாம்பிளில் விஷம் மிச்சமிருந்தால் அது டியூப்புக்குள்ளேயே தன் வேலையைத் தொடரும். மற்ற பத்து சாம்பிளோடு சேர்த்துப் போடலாம் என்று காத்திருந்தால், நீங்கள் அளப்பது நோயாளியின் உடம்பில் நடந்ததையா, ஸ்டாண்டில் நடந்ததையா என்று சொல்ல முடியாது.

விரல் நுனி ரத்தத்தில் ஐ.என்.ஆர். காட்டும் கையடக்கக் கருவியை வைத்துப் பாம்புக்கடியை முடிவு செய்ய வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்காக அளவீடு செய்த கருவி அது. பாம்பு விஷத்தில் தப்பாகக் காட்டியது ஆஸ்திரேலிய அனுபவம்.

கோஅகுலோமீட்டர் "உறைவு இல்லை" என்று காட்டினால் கருவிக் கோளாறு என்று அவசரப்பட்டு மூன்று முறை ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். பாம்புக்கடியில் அதுவே ரிசல்ட். ஃபைப்ரினோஜன் சாதாரணமாக டெசிலிட்டருக்கு 200 முதல் 400 மி.கி. வரை இருக்கும், விரியன் கடியில் அளக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடலாம். டி-டைமர் அதற்கு எதிர்த்திசையில் எகிறும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஃபைப்ரினோஜன் உண்டாகாமல் போகவில்லை, உண்டாகி உறைந்து கரைந்து போயிருக்கிறது என்பது தெரியும்.

பயோகெமிஸ்ட்ரி பக்கம் வேலை செய்கிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. யூரியா, கிரியேட்டினின் கேட்டு வந்த சாம்பிள் அரை மணி ஆகியும் உறையவில்லை, சுற்றியும் சீரம் பிரியவில்லை என்றால் "ரீ-சாம்பிள்" என்று எழுதித் திருப்பியனுப்பும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். எந்த வார்டு, என்ன கேஸ் என்று பாருங்கள். கால் வீக்கம் என்று மட்டும் எழுதி அட்மிட் ஆனவராக இருக்கலாம். வார்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பாம்பின் பெயரில் ஒரு ரியேஜென்ட்

பெரிய லேபுக்குப் போனால் ஃபிரிட்ஜில் கண்ணாடி விரியனின் விஷத்தையே பார்ப்பீர்கள், சின்னக் குப்பியில், பவுடராக. டி.ஆர்.வி.வி.டி. என்ற சோதனைக்கான ரியேஜென்ட் அது. லூபஸ் ஆன்டிகோஅகுலன்ட் இருக்கிறதா என்று பார்க்க, அடிக்கடி கருச்சிதைவு ஆகிறவர்களுக்கும் இளம் வயதில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டவர்களுக்கும் இதைக் கேட்பார்கள். நீர்த்த விஷம் பத்தாம் காரணியை நேராகத் தூண்டுவதால், சங்கிலியின் மேல்பாதியிலுள்ள குறைகள் குறுக்கிடாது. 1986-இல் தியாகராஜன், பெங்கோ, ஷபிரோ மூவரும் இதை எழுதினார்கள். பெயரைப் பார்த்துவிட்டு யாராவது பாம்புக்கடிக்காரருக்கு இதைக் கேட்டு எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள். பாம்புக்கடியைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல இது என்று சொல்லித் திருப்பிவிடுங்கள்.

இந்த விஷத்தின் லேப் வாழ்க்கை அதற்கும் பழையது. 1934-இல் லண்டனில் மேக்ஃபார்லேனும், அங்குள்ள மிருகக்காட்சிசாலையில் ஊர்வனவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பர்கெஸ் பார்னெட்டும் சேர்ந்து பல பாம்பு விஷங்களைச் சோதித்தார்கள். கண்ணாடி விரியனின் விஷத்தை நீர்த்துப் போட்டால் ஹீமோஃபிலியாக்காரரின் ரத்தமும் உறைந்தது. பல் பிடுங்கிய இடத்தில் வைக்க ஸ்டிப்வென் என்ற பெயரில் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. அதே மேக்ஃபார்லேன்தான் 1964-இல் உறைதல் சங்கிலியின் முழுப் படத்தை வரைந்து கொடுத்தவர்களில் ஒருவர். எக்காரினும் சும்மா இல்லை: டாபிகட்ரான் போன்ற மருந்துகளின் அளவைப் பார்க்க எக்காரின் கிளாட்டிங் டைம் உண்டு. தென் அமெரிக்கக் குழிவிரியன் ஒன்றின் நொதியை வைத்துச் செய்யும் ரெப்டிலேஸ் டைம், சாம்பிளில் ஹெப்பாரின் கலந்துவிட்டதா என்று காட்டிக்கொடுக்கும். ஹெப்பாரின் அந்த நொதியைத் தொடாது.

உறைதல் சோதனைகளில் தேறியவர்களுக்கு வேலை எங்கெல்லாம் இருக்கிறது? அரசுப் பணிக்கு எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரிய அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தனியாரில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேப்கள் உறைதல் பிரிவுக்கென்று தனி ஆள் தேடுகின்றன, பி.டி. ஓட்டத் தெரிந்தவர் நிறைய, ஃபைப்ரினோஜனையும் டி.ஆர்.வி.வி.டி.யையும் புரிந்து செய்கிறவர் குறைவு. வேலூர் சி.எம்.சி. நடத்தும் உறைதல் சோதனைகளுக்கான வெளித் தரமதிப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் லேப் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சேர்ந்திருந்தால் அந்தச் சாம்பிள்களை ஓட்டும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள். நேர்முகத்தில் சொல்லிக்கொள்ள அதைவிட நல்ல அனுபவம் கிடையாது. விஷமுறிவு மருந்து தயாரிக்கும் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு இன்னொரு வழி. ஒரு மி.லி. மருந்து கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மி.கி.யையும், சுருட்டை விரியன் விஷத்தில் 0.45 மி.கி.யையும் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்பது இந்தியத் தரம். ஒவ்வொரு பேட்சும் அந்த அளவைத் தொடுகிறதா என்று பார்ப்பதே அங்கே வேலை.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷம் பெரும்பாலும் வருவது செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. 1978-இல் பதிவானது. பாம்பைப் பிடித்து, வைத்திருந்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். சங்கம் இருக்கும் முதலைப் பண்ணை வளாகத்திலேயே விஷம் எடுப்பதைப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது இறங்கிப் பாருங்கள். கண்ணாடி விரியன் சீறும் சத்தத்தைக் கேட்டபின் உங்கள் ஸ்டாண்டில் நிற்கும் டியூப்பை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பீர்கள்.

நேர்முகத்துக்குப் போகிறவர்களுக்கு, கேட்கத் தகுந்த சில கேள்விகள். 20 நிமிட டெஸ்டைப் பிளாஸ்டிக்கில் ஏன் செய்யக்கூடாது? மருந்து ஏற்றியபின் மறுசோதனைக்கு ஏன் ஆறு மணி நேரம்? கட்டுவிரியன் கடியில் ரிசல்ட் என்னவாக இருக்கும்? ஹீமட்டோகிரிட் 60 என்றால் சிட்ரேட்டை என்ன செய்வீர்கள்? நாலுக்கும் பதில் மேலே இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு "குறைப்பேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், பிளாஸ்மா குறைந்து சிட்ரேட் மிஞ்சுவதால் நேரம் பொய்யாக நீளும் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.